தட்டில் வடிந்த தூக்கம்

காபி குடித்தால் தூக்கம் போய்விடும் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், ஆனால் போகிற தூக்கம் எங்கே போகிறது என்று ஒரு மாசி மாதத்துக் காலை வரை யாரும் கேட்டதில்லை. அது எங்கேயும் போகவில்லை, கோயமுத்தூர் கணபதியில், ரங்கநாயகி அடுக்ககத்தின் முதல் மாடியில், கிட்டுசாமி வீட்டுச் சமையல் மேடை மேல் இருந்த எஸ்பிரஸோ மெஷினின் கீழ்த்தட்டில் வடிந்து கிடந்தது.

மெஷின் அந்த வீட்டுக்கு வந்ததே யாரும் கேட்காமல்தான். கிட்டுசாமியின் மனைவி லோகநாயகி ஆடித் தள்ளுபடியில் தனக்குச் சேலையும் புருஷனுக்கு ஓர் அரைக்கைச் சட்டையும் எடுத்த ஜவுளிக் கடையில், கூப்பனில் பேர் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள், போட்டாள், மறந்தாள். தை பிறந்து பொங்கலும் முடிந்த பிறகு கடையிலிருந்து போன் வந்து, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்றதும் காராகத்தான் இருக்கும் என்று அடுக்ககமே முடிவு கட்டி, அதை எங்கே நிறுத்துவது என்று சண்டையும் போட்டு முடித்திருந்தது. வந்தது ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் பளபளவென்று, மூக்கு நீண்ட, பக்கவாட்டில் ஓர் ஆவிக்குழாய் துருத்திக்கொண்டிருந்த இந்தச் சாமான். டம்ளரும் டபராவும் போதுமென்றிருந்த வீட்டில் இதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச காலம் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு பூத்துணி போட்டு மூடியிருந்தார்கள்.

அதைச் சமையல் மேடைக்குக் கொண்டுபோனவர் கிட்டுசாமி. அவர் பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் ஓடுகிற எல்லாமே ஒரு மோட்டாரும் ஒரு பம்பும்தான், மனுஷனின் நெஞ்சுக்குள் இருப்பதும் பம்புதான், அதற்கு மட்டும் கம்பெனிக்காரன் கேரண்டி கார்டு தரவில்லை என்பது அவருடைய கட்சி. மற்றவர்கள் புது மெஷினை வாங்கினால் முதலில் ஸ்விட்சைப் போடுவார்கள், கிட்டுசாமி முதலில் பின்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு பம்பு உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் வெகுநாள் கழித்துச் சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம் வந்துவிட்டது. அட, இது நம்ம ஆளு, என்றார்.

நம்ம ஆளு என்று நினைத்ததில்தான் தப்பு நடந்தது. எஸ்பிரஸோவுக்கு என்று ஒரு தூள் உண்டு, அதில் காபிக்கொட்டையைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அவர் திருப்பவில்லை. வீட்டில் வழக்கமாக வாங்கும், சிக்கரி தாராளமாகக் கலந்த ஃபில்டர் தூளை எடுத்து, கைப்பிடி வைத்த கிண்ணத்தில் தலைதட்டப் போட்டு, பம்பில் தண்ணி கசியாமலிருக்கக் கயிற்றை அடைப்பதைப் போல முழு பலத்தோடு அமுக்கி, மெஷினில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். சிக்கரி நனைந்தால் கோந்து ஆகிவிடும், அதற்குள் தண்ணி நுழைய இடம் கிடைக்காது. மெஷின் உறுமியது, முனகியது, மேடையோடு சேர்ந்து நடுங்கியது, ஒரு சொட்டு வரவில்லை. கிட்டுசாமி அதன் தோளைத் தட்டிக்கொடுத்து, கொஞ்சம் பொறு சாமி, வந்துரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் விளக்கெண்ணெய் மாதிரி ஒரு கறுப்பு நூல் இறங்கியது.

அந்த முதல் கோப்பை மேல் மாடி தாரிணிக்குப் போயிற்று. அவள் சி.ஏ. பரீட்சைக்குப் படிக்கிறவள், புத்தகத்தைத் திறந்தால் அதன் மேலேயே கவிழ்ந்து தூங்குகிறவள், கறிவேப்பிலை கேட்டு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டாள். ஒரே மடக்கில் குடித்து, முகத்தை எட்டுக்கோணலாக்கி, ரொம்ப நல்லாருக்குங்க அங்கிள் என்று பொய் சொல்லிவிட்டு, கறிவேப்பிலையை மறந்து மாடியேறிப் போனவள் அன்று முழுக்கக் கண்ணிமை தாழாமல் படித்தாள். அவள் படியேறும்போதே, மேலே மூக்கிலிருந்து ஒன்றும் விழாத அந்த நேரத்தில், கீழ்த்தட்டில் என்னவோ ஊற ஆரம்பித்தது. லேசான நீலம், இளநீரை விடக் கொஞ்சம் கெட்டி, உடம்புச் சூடு, வெயிலில் காய்ந்த தலையணை உறையின் வாசனை.

இந்த இடத்தில் லோகநாயகியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதையே அவள் தூங்குவதைப் பற்றியதுதான். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். மஞ்சள் வேன், சொந்த வேன், தன் நகையை விற்று வாங்கி, தானே ஓட்டக் கற்று, சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிப் போய் இறக்கிக் கூட்டி வருகிறவள். வேன் வாங்கிய காலத்தில் கிட்டுசாமி, சூப்பர்வைசர் பொண்டாட்டி வண்டி ஓட்டறதா என்று குதித்தவர். குதித்ததோடு நிற்காமல், இனி அந்த வண்டியில் என் கால் படாது என்று எல்லார் முன்னாலும் சொல்லியும் விட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டிய கஷ்டம் அவருக்கு இன்றுவரை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, பழனி யாத்திரை எதுவானாலும் சொந்தபந்தம் அத்தனையும் வேனில் பாட்டும் சிரிப்புமாகப் போக, பின்னாலேயே ஸ்கூட்டரில் புகை குடித்துக்கொண்டு அவர் போவார்.

அப்படிப்பட்ட லோகநாயகிக்கு, உடம்பு மாறுகிற வயசு வந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. படுத்தால் உடம்பு கொதிக்கும், எழுந்தால் நடுங்கும், டாக்டர் கொடுத்த மாத்திரை ராத்திரியை விட்டுவிட்டுப் பகலில் வேலை செய்யும். ஒருநாள் அவினாசி ரோட்டு சிக்னலில் நின்றபோது அவள் கண் தானாகச் சொருகிவிட்டது, முன் சீட்டில் இருந்த பெண்குழந்தை கையைக் கிள்ளி எழுப்பியது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு லோகநாயகி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊரார் புள்ளைங்க மாமா. இந்த வருசப் படிப்பு முடியட்டும். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள எனக்குத் தூக்கம் திரும்பலீன்னா வண்டிய எங்க அண்ணங்கிட்டக் குடுத்தர்றேன்."

வெகுகாலமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தையைக் கேட்ட கிட்டுசாமிக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை. சரி சரி, பாக்கலாம் என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

இனி தட்டுக்கு வருவோம். காலை ட்ரிப்பை முடித்துவிட்டு வந்த லோகநாயகி, மேடையைத் துடைக்கும்போது தட்டில் நீலமாக ஏதோ தேங்கியிருப்பதைப் பார்த்து, குழம்பில் உப்புப் பார்க்கிற கைப்பழக்கத்தில் ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். வைத்தவள் அப்படியே பின்னால் நகர்ந்து சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிப்போனாள். கிட்டுசாமி முதலில் பயந்தார். அப்புறம் அவள் மூச்சு சீராக வருவதையும், உதட்டோரம் குழந்தைக்கு வடிகிற மாதிரி வடிவதையும் பார்த்துவிட்டு, மின்விசிறியைத் திருப்பி வைத்து, போனின் வாயை அடைத்து, பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தார். மதிய ட்ரிப்புக்கு எழுப்பியபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது, கூடவே ஒரு கவலையும் இருந்தது.

"பரீட்சை எழுதிட்டிருந்தனுங் மாமா," என்றாள். "கணக்கு எப்புடிப் போட்டாலும் டேலி ஆகல."

அதிலிருந்து அவர்களுக்கு விஷயம் புரிந்தது. அது தாரிணியின் தூக்கம். தூக்கம் வரும்போது அதற்குரியவரின் கனவையும் மடியில் கட்டிக்கொண்டுதான் வரும்.

ரகசியம் அடுக்ககத்தில் எத்தனை நேரம் நிற்கும், லிஃப்ட் மேலே போய்க் கீழே வருகிற நேரம்தான். முதலில் வந்தவள் எதிர்வீட்டு பர்வீன், கைக்குழந்தைக்காரி. அவள் பிள்ளை பகலைத் தூங்குவதற்கும் இரவை அழுவதற்கும் என்று பிரித்து வைத்திருந்தது. அடுத்து அசோசியேஷன் செக்ரட்டரி பாலதண்டாயுதம், வங்கியில் இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் யாராவது கையெழுத்துக் கேட்டு எழுப்புவார்கள் என்ற நினைப்பிலேயே அரைக்கண் திறந்து படுத்திருப்பவர். இப்படித் தூக்கம் இல்லாதவர்கள் ஒரு பக்கம் வர, தூக்கம் வேண்டாதவர்கள் இன்னொரு பக்கம் வந்தார்கள்: பிளஸ் டூ பிள்ளைகள், அமெரிக்காக்காரனுக்கு இங்கிருந்தே வேலை பார்க்கிற இளவட்டங்கள், எல்லாருக்கும் மேலாக வாட்ச்மேன் மயில்சாமி. முதல் சாரார் தட்டுக்கும் இரண்டாம் சாரார் கோப்பைக்கும் நிற்க, நடுவில் கிட்டுசாமி தூளை அமுக்குவதும் கிண்ணத்தைக் கழற்றுவதும் சிக்கரிக் கோந்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பதுமாக இருந்தார், வேலையில் இருந்த காலத்தில்கூட இத்தனை மரியாதை அவருக்குக் கிடைத்ததில்லை.

செக்ரட்டரி கூட்டம் போட்டார். தண்ணீர் லாரிக்கும், நாய் வளர்ப்பதற்கும், மொட்டை மாடியில் வடகம் காயப்போடுவதற்கும் விதி இருக்கும்போது இதற்கு இல்லாமலிருப்பது முறையல்ல என்றார். ஏன் இப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, யாருக்கு எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். பர்வீன் வீட்டுப் பாலாடைதான் அளவு என்று ஒருமனதாக முடிவாயிற்று. குழந்தைக்குப் பால் புகட்டுகிற அந்த வெள்ளிச் சாமானில் வாங்கிக் குடித்தால் தூக்கம் பதமாக இறங்கும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். யாருடைய தூக்கம் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையின் தூக்கத்தை யாரும் கேட்கக்கூடாது. வாங்கியவர் தன் வீட்டுக்குப் போய்த்தான் குடிக்க வேண்டும், ஏனென்றால் மூன்றாம் மாடிக்காரர் லிஃப்டிலேயே குடித்துவிட்டு அதில் மேலும் கீழும் சுற்றிக்கொண்டே ஒரு முழுத் தூக்கத்தையும் தூங்கி முடித்திருந்தார். பக்கத்து அடுக்ககத்திலிருந்து ஒருவர் சேதி கேள்விப்பட்டு வந்து தனக்கும் ஒரு பாலாடை வேண்டும் என்றபோது, முதலில் எங்கள் வாசலில் நிற்கிற உங்கள் காரை எடுங்கள், அப்புறம் பேசுவோம் என்று செக்ரட்டரி நல்லபடியாகச் சொல்லி அனுப்பினார்.

மயில்சாமியின் தூக்கம்தான் நல்ல தூக்கம் என்று பேர் வாங்கியது. கனம், ஆழம், குறட்டை கலப்பில்லை. எத்தனையோ வருஷமாக வேலை நேரத்தில் அவன் சேர்த்து வைத்த பழக்கமல்லவா. அதை இப்போது கொடுத்துவிட்டு, கேட்டில் ஆந்தை போல விழித்திருந்தான். நேரம் கழித்து வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. அவன் தூக்கத்தைக் குடித்த பர்வீன் கனவு முழுக்க கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள், மறுநாள் செக்ரட்டரி எதிரில் வந்தபோது அவள் கை தானாக நெற்றிக்குப் போயிற்று, அவரும் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டு போனார். செக்ரட்டரிக்கு தாரிணியின் தூக்கம்தான் பிடித்தது. டேலி ஆகாத அந்தக் கணக்கை அவர் கனவிலேயே உட்கார்ந்து டேலி செய்துவிட்டு, மறுநாள் மாடியேறிப் போய் அவளிடம் தப்பு எங்கே என்று காட்டிக்கொடுத்தார்.

லோகநாயகிக்கு முறை தவறாமல் ஒரு பாலாடை என்பது எழுதாத விதி. அந்த மாசியும் பங்குனியும் அவள் தூங்கினாள். யார் யாருடைய தூக்கத்தையோ தூங்கி, யார் யாருடைய பரீட்சையையோ எழுதி, காலையில் எழுந்து வேனில் ஏறி உட்கார்ந்தால் பழைய லோகநாயகி. பிள்ளைகளோடு சேர்ந்து பாடுகிறவள், குறுக்கே வருகிற பைக்குக்காரனை ஜன்னல் வழியாக அன்போடு திட்டுகிறவள். கிட்டுசாமி பால்கனியில் நின்று வேன் வளைவு திரும்புகிறவரை பார்ப்பார். யாராவது கவனித்தால் செடிக்குத் தண்ணி விடுகிற மாதிரி நடிப்பார்.

நடுவில் ஒரு சோதனை வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் கிட்டுசாமியின் அக்கா மகன் லீவுக்கு வந்தான், மெஷினைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான். சிக்கரியா போடுறீங்க மாமா, இதுக்கு வாரண்டியே போயிடும் என்று சொல்லி, யாரும் கேட்காமலேயே உள்ளே அடைந்திருந்த பிசினையெல்லாம் எடுத்து, எலுமிச்சை உப்புக் கரைத்து ஓடவிட்டுக் குழாயைக் கழுவி, தான் கொண்டுவந்த சுத்தமான தூளை அளந்து போட்டு, மெல்ல அமுக்கி, ஸ்விட்சைப் போட்டான். மெஷின் முனகாமல், நடுங்காமல், பொன்னிற நுரை மூடிய காபியைத் தேன்போல் இறக்கியது. குடித்த எல்லாரும் அருமை என்றார்கள். தட்டைப் பார்த்தார்கள், வெறும் தண்ணி. அன்றைக்கு அந்த அடுக்ககத்தில் அந்தப் பையனை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. அவன் பஸ் ஏறிய கையோடு கிட்டுசாமி பழைய தூளைத் திணித்து, பழைய பலத்தோடு அமுக்கி, பழைய முனகலைக் கேட்ட பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

இத்தனை பேருக்குக் காபி போட்ட கிட்டுசாமி, தான் மட்டும் அந்த மெஷினில் ஒரு வாய் குடித்ததில்லை. கேட்டால் அல்சர் என்பார். அல்சரும் இல்லை ஒன்றும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஈஸிசேரில் அவர் போடுகிற தூக்கம் அந்த வட்டாரத்திலேயே பிரசித்தம், அதில் அவர் பம்புகளைக் கனவு காண்கிறார் என்று எல்லாரும் நம்பினார்கள், அவரும் நம்பவிட்டிருந்தார். நிஜத்தில் அவர் கண்ட கனவு ஒன்றே ஒன்றுதான், பல வருஷமாக அதேதான்: மஞ்சள் வேன் வாசலில் வந்து நிற்கும், கதவு திறக்கும், முழு வயசோடும் வழுக்கையோடும் அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஏறி மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்காருவார், லோகநாயகி வண்டியை எடுப்பாள், அவ்வளவுதான், போய்க்கொண்டே இருப்பார்கள். விழித்தால் வெட்கமாக இருக்கும். தூக்கத்தைக் கொடுத்தால் கனவும் கூடப் போகும், கனவு போனால் மானம் போகும்; சொன்ன சொல் ஒரு பக்கம், உள்ளே ஓடுகிற படம் ஒரு பக்கம் என்று ஊர் சிரிக்கும். அதனால் அல்சர்.

சித்திரை வெயில் ஏறியது. பரீட்சைகள் முடிந்தன, பிளஸ் டூ பிள்ளைகள் தங்கள் தூக்கத்தைத் தாங்களே தூங்க ஆரம்பித்தார்கள், தாரிணி பரீட்சை எழுதி முடித்த மறுநாளிலிருந்து சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தாள், மயில்சாமி திருவிழாவுக்கு ஊருக்குப் போனவன் மாரியாத்தா அனுப்பினால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டான். கோப்பைக்கு ஆளில்லை. தட்டு காய்ந்து, அதில் ஓர் எறும்பு வந்து ஓரமாகப் படுத்துத் தூங்கிப் போயிற்று. செக்ரட்டரி வீடு வீடாகப் போய், லோகநாயகிக்காகவாவது யாராவது ஒரு கோப்பை குடியுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். எல்லாருக்கும் அவள் மேல் பிரியம்தான், பிள்ளைகளை ஏற்றிப் போகிறவளாயிற்றே. ஆனால் மே மாதத்து மதியத் தூக்கத்தை எந்தப் பிரியத்துக்கும் விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. நாளைக்குக் குடிக்கிறேன் என்றார்கள். சொல்லிவிட்டு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள்.

லோகநாயகியின் கண்ணுக்குக் கீழே கறுப்பு திரும்பி வந்தது. பாலில் உப்பைப் போட்டாள், ரசத்தில் சர்க்கரையைப் போட்டாள். வேன் லீவில் இருந்ததால் ஆபத்தில்லை. ஆனால் பள்ளி திறக்கும் திங்கட்கிழமை ஆடாமல் அசையாமல் வந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை அன்னூரில் இருக்கும் தன் அண்ணன் சென்னியப்பனுக்கு அவளே போன் செய்து, திங்கட்கிழமை காலையில் வெள்ளென வந்து வண்டியை எடுத்துக்கோங்கண்ணா என்றாள். அழவில்லை. போனை வைத்துவிட்டுக் கீழே போய், ஒரு வாளித் தண்ணியும் துணியுமாக வேனைக் கழுவினாள், ஒவ்வொரு சீட்டாகத் துடைத்தாள், சீட்டுக்கு அடியில் கிடந்த உடைந்த பென்சிலையும் ஒற்றைச் சாக்ஸையும் எடுத்துப் பத்திரமாக ஒரு பையில் போட்டாள். பால்கனியிலிருந்து கிட்டுசாமி எல்லாவற்றையும் பார்த்தார். செடிக்குத் தண்ணி விடுகிற மாதிரி அன்று அவர் நடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, ஈஸிசேர் பக்கம் போன கால் திரும்பி, அவர் சமையல் கட்டுக்குள் நுழைந்தார். தூளைப் போட்டு அமுக்கி ஸ்விட்சைப் போட்டால், மெஷின் வெறும் வண்டாக ரீங்கரித்தது. முனகல் இல்லை, நடுக்கம் இல்லை. இப்போதுதான் ஊற்றிய தண்ணி தொட்டி நிறைய இருந்தது, ஆனால் ஏறவில்லை. கிட்டுசாமி கம்பெனியின் சேவை எண்ணுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்துப் பெண் இந்தியில் ஆரம்பித்து, இங்கிலீஷுக்கு மாறி, நீங்கள் என்ன தூள் போடுகிறீர்கள் என்று கேட்டதும் இவர் போனை வைத்துவிட்டார். மூடியைக் கழற்றி, சிறிய பம்பின் மேல் காதை வைத்துக் கேட்டார். கேட்டவுடனே தெரிந்தது. இத்தனை நாள் உபயோகிக்காமல் தொட்டி வற்றிக் கிடந்ததில் பம்பு காற்றைக் குடித்துவிட்டிருக்கிறது, ஏர் லாக். எத்தனை கிணற்றடியில், எத்தனை தோட்டத்தில் இதே வியாதியை அவர் பார்த்திருப்பார். காபி இறங்குகிற வழியை மூடி, ஆவிக்குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, ஸ்விட்சைக் கொஞ்சம் போடுவதும் கொஞ்சம் நிறுத்துவதுமாக, பயப்படாத சாமி, விட்டுரு, உள்ள இருக்கறத வெளிய விட்டுரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குழாய் இருமியது, துப்பியது, பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டது, பிறகு தண்ணி சீராகப் பாய்ந்தது.

உள்ளே இருக்கிறதை வெளியே விடு என்று மெஷினுக்குச் சொன்ன வாயால் தனக்கும் சொல்லிக்கொண்டு, கிட்டுசாமி அந்தக் கறுப்பு நூல் காபியை ஒரு கோப்பை பிடித்துக் குடித்தார். இத்தனை கேவலமாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. இதைக் குடித்துவிட்டா இத்தனை நாள் அத்தனை பேரும் வாயாரப் புகழ்ந்தார்கள் என்று நினைத்தபோது அவருக்கு அடுக்ககத்தின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. அப்புறம் இமைக்குப் பின்னால் ஏதோ மெல்ல அவிழ்ந்து கழன்றது. குனிந்து பார்த்தார். தட்டு நிறைந்துகொண்டிருந்தது, எறும்பு எழுந்து ஓடியது.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பாலாடையில் ஊற்றி நீட்டினார். லோகநாயகி அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரோடதுங்?"

விதிப்படி சொல்லித்தான் ஆக வேண்டும்.

"என்னுதுதான்," என்றார். "கனவு கினவு வந்தா ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

அதைக் குடித்துப் படுத்தவள், படுத்த பக்கம் மாறாமல் தூங்கினாள். தூங்க வழியில்லாத கிட்டுசாமி விடியும்வரை கூடத்தில் நடந்தார், வாழ்க்கையில் ஒருமுறைகூட இத்தனை பயந்ததில்லை, ஆனாலும் நடுநடுவே கதவிடுக்கில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அவள் தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார்.

காலையில் அவள் குளித்து, தலை முடிந்து, கண் பளிச்சென்று வந்தாள். அடுப்படியில் எதையோ தாளித்தாள். அன்னூரிலிருந்து சென்னியப்பன் எலுமிச்சம்பழமும் கையுமாக வந்து வேன் பக்கத்தில் நின்று சாவி கேட்டபோது, தூக்கம் வந்துருச்சுங்ணா, வந்தது வந்தீங்க, கண்ணாடிய ஒருக்காத் தொடச்சு உட்டுட்டுப் போங்க என்று துணியைக் கொடுத்தாள். அவரும் பெரிய மனசுக்காரர், துடைத்தார். அதற்குள் பிள்ளைகள் புதுப் பையும் புது ஷூவுமாகக் கூடிவிட்டார்கள், பால்கனிகளில் அடுக்ககமே நின்றது, வேன் உறுமியது. பால்கனியில் நின்ற கிட்டுசாமி, அப்பாடா, கனவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்தார், நினைத்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

வேன் நகரவில்லை. ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை, நீளமாக.

"ஏனுங் மாமா," என்று லோகநாயகி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள், "நேரமாச்சுல்லொ. எறங்கி வாங்க."

எல்லார் முன்னாலும் சொன்ன சொல் கிட்டுசாமிக்கு நினைவு வந்தது. பிறகு கால்கள் தாமாகப் படியிறங்கின. வேன் கதவு திறந்திருந்தது. அவள் கண்ணாடியில் பார்த்தபடியே ஒரு தூக்குவாளியைப் பின்னால் நீட்டினாள்.

"மூணாவது சீட்டு, ஜன்னலோரம், அதானுங்? எலுமிச்சஞ் சாதம் கட்டிருக்கறேன். கனவுல தயிர் சாதம்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்."

மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் இருந்த பொடியன் நகர மனமில்லாமல் அவரை ஏற இறங்கப் பார்த்து, இவர் யாருங்கக்கா என்று கேட்டான்.

"புது அட்மிஷன் கண்ணு," என்றாள் லோகநாயகி, கியரைப் போட்டுக்கொண்டே. "கொஞ்சம் தள்ளி உக்காந்து எடங்குடு."

பையன் தள்ளி உட்கார்ந்தான். கிட்டுசாமி தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், வண்டி கிளம்பியது.